நட்சத்திரம் போட்டால் விழுகிறது, அடைப்பு போட்டால் ஓடுகிறது: சி மொழியில் சர மாறிலியும் எழுத்து அணியும் ஒன்றில்லையா?

மூன்றாவது லேப் கேட்கிறார்:

வணக்கம். பாலிடெக்னிக் ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்கு சி மொழிச் செய்முறை வகுப்பும் என் தலையில்தான். 11 ஆண்டுகளாக டர்போ சி-யின் நீலத் திரையிலேயே ஓடிக்கொண்டிருந்த பாடம் இது. இந்தப் பருவத்தில், மூலையில் கிடக்கும் ஒன்றைத் தவிர எல்லா இயந்திரங்களையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது கம்பைலர் ஜிசிசி.

ரெக்கார்டு நோட்டில் ஏழாவது பயிற்சி, காற்புள்ளியிட்ட மதிப்பெண் வரியைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. சின்ன நிரல்தான், வாயால் சொல்வதுபோலவே எழுதிவிடுகிறேன். முதலில் ஒரு கேரக்டர் பாயிண்டர், அதாவது மாறியின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக்குறி. அதற்குத் தொடக்க மதிப்பாக இரட்டை மேற்கோளுக்குள் "கலா,78,91,65". கலா என்பது நிரலில் ஆங்கிலத்தில், நான்கு எழுத்து. பிறகு அதை ஸ்டர்டோக் செயற்கூற்றிடம் கொடுத்து, காற்புள்ளி கண்ட இடத்தில் வெட்டச் சொல்லி, கிடைக்கும் ஒவ்வொரு துண்டையும் அச்சிடுவது. அவ்வளவுதான்.

நீலத் திரையில் இத்தனை ஆண்டுகள் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது. புதிய இயந்திரத்தில் கம்பைல் ஆகிறது, எச்சரிக்கைகூட வரவில்லை. ஓட்டினால் ஒரு துண்டும் அச்சாகாமல் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று விழுந்துவிடுகிறது. பின்வரிசை மாணவன் ஒருவன் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, பெயருக்குப் பின்னால் வெற்றுச் சதுர அடைப்பு போட்டான். உடனே ஓடியது. "ஏன் மேடம்?" என்று கேட்டான். "இரண்டும் ஒன்றுதான், இப்படியும் எழுதலாம், அப்படியும் எழுதலாம்" என்று ஆண்டுதோறும் சொல்லிவந்தவள் நான். அன்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இன்னொருத்தி, "பைத்தானில் இந்தத் தொல்லையே இல்லையே மேடம்" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. நட்சத்திரத்துக்கும் அடைப்புக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? மற்ற மொழிகளில் இது எப்படி இருக்கிறது? பாடநூலில் இருக்கும் வரையறையை எழுத வேண்டாம், அது என்னிடமும் இருக்கிறது.

---

பழைய பாஸ்கல்காரன்:

மேடம், தண்ணீர் குடிக்கப் போனது நல்ல முடிவு. நான் வேலையில் இருந்த காலத்தில் இதே கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன். அந்தக் கதை பின்னால் வரும்.

பாடநூல் இதைச் சுட்டு என்கிறது. நான் பாயிண்டர் என்றே எழுதிப் பழகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கோளுக்குள் நீங்கள் எழுதும் வரி கல்வெட்டு. நிரல் தொடங்கும் முன்பே நினைவகத்தில் ஓரிடத்தில் செதுக்கப்பட்டுவிடுகிறது. நட்சத்திரம் போட்டு அறிவித்தால் உங்கள் கையில் இருப்பது அந்தக் கல்வெட்டு நிற்கும் ஊரின் முகவரி எழுதிய துண்டுச் சீட்டு மட்டுமே. அடைப்பு போட்டு அறிவித்தால், அந்தக் கல்வெட்டைப் பார்த்து உங்கள் சொந்தச் சிலேட்டில் எழுத்து எழுத்தாகப் படியெடுத்துக்கொள்கிறீர்கள். படிக்கிற வரைக்கும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் உங்களுக்குத் தெரியவில்லை.

ஸ்டர்டோக் படித்துவிட்டு மட்டும் போகிற ஆள் இல்லை. காற்புள்ளியைக் கண்டதும் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சுழி பைட்டை எழுதுகிறது. சி-யில் சரம் எங்கே முடிகிறது என்று சொல்வது அந்தச் சுழிதான். எனவே "கலா"வுக்குப் பின்னால் சுழி விழுந்தால் அதுவே ஒரு முழுச் சரம் ஆகிவிடுகிறது, வெட்டும் வேலை முடிந்தது. சிலேட்டில் அழித்து எழுதலாம். கல்வெட்டில் உளியை வைத்தால் காவலாளி வந்துவிடுவான். லினக்ஸில் அந்தக் காவலாளி உண்மையாகவே இருக்கிறான். ஜிசிசி உங்கள் மேற்கோள் வரியைப் படிக்க மட்டுமே அனுமதியுள்ள பகுதியில் வைக்கிறது, அங்கே எழுத முயன்றால் செயலி தடுக்கிறது, இயங்குதளம் நிரலைக் கொன்றுவிடுகிறது. முதல் காற்புள்ளியிலேயே சாவு. ஒரு துண்டுகூட அச்சாகாததற்குக் காரணம் அதுதான்.

டர்போ சி ஓடிய பழைய டாஸ் இயங்குதளத்தில் காவலாளி கிடையாது. டர்போ சி அந்த வரியை மற்ற தரவுகளோடு தரவுப் பகுதியிலேயே வைத்தது. யார் வேண்டுமானாலும் எதன் மேலும் எழுதலாம். உங்கள் நிரல் 11 ஆண்டுகளாகச் சரியாக ஓடியது என்று சொல்லாதீர்கள். 11 ஆண்டுகளாகப் பிடிபடவில்லை என்று சொல்லுங்கள். மூலையில் கிடக்கும் அந்த இயந்திரத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். பிரிக்கும் வேலையை ஒரு தனிச் செயற்கூற்றில் வைத்து, அதை முதன்மை நிரலிலிருந்து இரண்டு முறை அழையுங்கள். முதல் முறை நான்கு துண்டும் வரும். இரண்டாம் முறை "கலா" மட்டும் வரும், மதிப்பெண் ஒன்றும் வராது. கல்வெட்டின் காற்புள்ளிகள் முதல் சுற்றிலேயே சுழிகளாகிவிட்டன, அதைத் திரும்பச் செதுக்க யாரும் இல்லை. அடைப்பு போட்டுச் செயற்கூற்றுக்குள் அறிவித்தால், ஒவ்வொரு அழைப்பிலும் சிலேட்டைத் துடைத்துப் புதிதாகப் படியெடுக்கும், எத்தனை முறை அழைத்தாலும் நான்கு துண்டு வரும். ஆனால் அதே அணிக்கு முன்னால் ஸ்டாடிக் என்று ஒரு சொல் சேர்த்துவிட்டீர்களானால் படியெடுப்பது நிரல் தொடங்கும்போது ஒரே முறைதான், பழைய நோய் திரும்பிவிடும். மாணவர்களுக்கு இதைக் காட்டுங்கள், மறக்க மாட்டார்கள்.

இனி என் கதை. 1993. ஒரு கிடங்கின் சரக்கு இருப்பு நிரல், டர்போ சி. தரவுப் பகுதிக்கு 64 கிலோபைட் எல்லை, நாங்கள் அதை முட்டிக்கொண்டிருந்தோம். ஒரே மாதிரியான சரங்களை ஒன்றாக்கிவிடும் தெரிவு கம்பைலரில் இருந்தது. அதை இயக்கினேன், இடம் மிச்சமானது, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து அறிக்கையில் விசித்திரம். அன்றைய தேதியில் வந்த சரக்குகளை எல்லாம் "தேதி இல்லை" என்றது. தேதியே இல்லாத பதிவுகளை ஒழுங்கானவை என்று அச்சிட்டது.

நடந்தது இதுதான். தலைப்பில் தேதி போடுவதற்காக "00-00-00" என்ற மேற்கோள் வரியை அச்சாக வைத்து, அதன் மேலேயே நாள், மாதம், ஆண்டை எழுதியிருந்தேன். அதே கோப்பில் 400 வரி தள்ளி, தேதி காலியா என்று பார்க்க ஸ்டர்கம்ப் கொண்டு இன்னொரு "00-00-00"-உடன் ஒப்பிட்டிருந்தேன். என் கண்ணுக்கு அவை இரண்டு. கம்பைலருக்கு, நான் இயக்கிய தெரிவினால், இரண்டும் ஒரே கல். தலைப்பு அச்சான நொடியில் "காலித் தேதி" என்பதன் பொருள் இன்றைய தேதி என்று மாறிவிட்டது. நிரலை வரி வரியாகப் படித்தால் எங்கும் தவறில்லை. சுழியங்களுக்கு மேற்கோள் போட்டிருப்பது பளிச்சென்று கண்ணெதிரே இருக்கிறது, அது சுழியமாக இல்லை என்று எப்படி நம்புவீர்கள்? இரண்டாம் இரவு விடியும் முன், அந்த ஒப்பீட்டு மாறிலியையே அச்சிட்டுப் பார்த்தேன். அன்றைய தேதி வந்தது. கொஞ்ச நேரம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் அதற்கு முன் டர்போ பாஸ்கலில் வளர்ந்தவன். அங்கே இந்த வம்பு வந்திருக்காது. பாஸ்கலில் சரம் ஒரு பெட்டி. 20 எழுத்துச் சரம் என்று அறிவித்தால் 21 பைட் ஒதுக்கும். சுழியம் என்ற எண்ணுள்ள முதல் பைட்டில் நீளம் இருக்கும், அதனால்தான் உச்சவரம்பு 255. மாறிலியை மாறிக்கு ஒப்படைத்தால் எழுத்துகள் பெட்டிக்குள் படியெடுக்கப்படும், எப்போதும் படிதான். முகவரிச் சீட்டு கொடுக்கும் பழக்கமே கிடையாது. ஆனால் அதற்கு முந்தைய, நிக்லாஸ் விர்த் வடிவமைத்த மூலப் பாஸ்கல் வேறு. அதில் 'அஆஇ' என்று மூன்றெழுத்து மாறிலி எழுதினால் அதன் வகையே "மூன்று எழுத்து கொண்ட அணி". நான்கெழுத்து மாறிக்கு அதை ஒப்படைக்க முடியாது, இடைவெளி சேர்த்து நிரப்ப வேண்டும். பிரையன் கெர்னிகன் 1981-இல் பாஸ்கல் மீது எழுதிய குற்றப்பட்டியலில் இதுவும் ஒன்று. அவர் சொன்னது நியாயம்தான், ஆனால் சி-காரர் சொன்னதால் எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது.

சி ஏன் நீளத்தை முன்னால் வைக்கவில்லை? அதன் பாட்டியான பிசிபிஎல் என்ற மொழி வைத்திருந்தது, முதல் பைட்டில். இடையில் வந்த பி மொழியில் கென் தாம்சன் அதைக் கைவிட்டு, இறுதியில் ஒரு முடிவுக்குறி வைத்தார். சி அந்த முடிவுக்குறியைச் சுழி ஆக்கிக்கொண்டது. சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி 1993-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் காரணம் சொல்லியிருக்கிறார்: நீளத்தை ஒரு சிறு இடத்தில் வைத்தால் சரத்தின் அளவு கட்டுப்பட்டுவிடுகிறது, அதோடு எண்ணிக்கையைப் பேணிக்கொண்டிருப்பதைவிட முடிவுக்குறி வசதியாக இருந்தது. அவர்களுக்கு வசதி. எனக்கு இரண்டு இரவு.

வகுப்பில் காட்ட இன்னொன்று. ஒன்று எத்தனை பைட் பிடிக்கிறது என்று சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்கள். அடைப்பு போட்ட அணிக்கு 14 வரும், 13 எழுத்தும் ஒரு சுழியும். நட்சத்திரம் போட்டதற்கு 64 பிட் லினக்ஸில் 8 வரும், வரி எவ்வளவு நீளமானாலும் 8. சீட்டின் அளவு அது, கல்வெட்டின் அளவு இல்லை. ஸ்டர்டோக் வெட்டி முடித்த பிறகு, சுழி வரை எழுத்தெண்ணும் ஸ்டர்லென் 4 என்று சொல்லும், சைஸ்ஆஃப் அப்போதும் 14. ஆனால் அதே அணியை வேறொரு செயற்கூற்றுக்கு அனுப்பி அங்கே சைஸ்ஆஃப் கேட்டால் 8 வந்துவிடும். அங்கே அடைப்பு போட்டு எழுதியிருந்தாலும், போவது சீட்டு மட்டும்தான். "இரண்டும் ஒன்றுதான்" என்று நீங்கள் சொல்லிவந்தீர்களே, அது உண்மையாக இருக்கும் ஒரே இடம் செயற்கூற்றின் அளபுருக்கள்.

---

எச்சரிக்கை எல்லாம் இயக்கு:

பாஸ்கல்காரர் ஐயா நன்றாகச் சொன்னார், ஒன்றே ஒன்று விட்டுப்போனது. கம்பைலர் எச்சரிக்கவில்லை என்று மேடம் சொல்லியிருக்கிறார், அது ஏன் என்பது.

சி மொழியில் மேற்கோள் வரியின் வகை வெறும் கேரக்டர் அணி. "மாற்றக் கூடாதது" என்ற முத்திரை அதன் மேல் இல்லை. மாற்றினால் என்ன ஆகும் என்பதைச் சி மொழியின் விதிகளைச் சொல்லும் தர ஆவணம் வரையறுக்கவில்லை, அவ்வளவுதான். கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய நூலின் முதல் பதிப்பில், ஒரே மாதிரி எழுதினாலும் ஒவ்வொரு சரமும் தனித்தனி என்றே இருந்தது. எனவே அந்தக் காலத்து நிரல்கள் மேற்கோள் வரிகளின் மேல் கூச்சமில்லாமல் எழுதின. அந்த முத்திரையான கான்ஸ்ட் என்ற சொல் சி-க்குள் முறைப்படி வந்தது 1989 தரத்தில்தான். அன்றைக்கு மேற்கோள் வரிகளுக்கு அந்த முத்திரையைக் குத்தியிருந்தால் உலகத்தில் இருந்த பாதி நிரல்கள் கம்பைல் ஆகாமல் போயிருக்கும். முத்திரை குத்தாமலே "கை வைக்காதே" என்று சொல்லிவிட்டார்கள். ஜிசிசி-யிலும் சரங்களை எழுதத்தக்கதாக வைக்க ஒரு தெரிவு நெடுநாள் இருந்தது, 2005-இல் 4.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

சி++ இதில் கறார். அங்கே வகையிலேயே கான்ஸ்ட் உண்டு. பழைய பழக்கத்துக்காக நட்சத்திரப் பாயிண்டரில் வைக்கச் சில காலம் விட்டுவைத்தார்கள், 2011 தரத்தில் அதுவும் போயிற்று. அதனால் மேடம், ஜிசிசி-யை ஓட்டும்போது ரைட் ஸ்ட்ரிங்ஸ் என்ற எச்சரிக்கைத் தெரிவைச் சேர்த்துவிடுங்கள். வழக்கமாக எல்லோரும் போடும் "ஆல்" தெரிவில் இது அடங்காது, தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் ஏழாவது பயிற்சியை வாசலிலேயே பிடித்துவிடும்.

இன்னும் இரண்டு குட்டி வேறுபாடு. ஒற்றை மேற்கோளில் ஓர் எழுத்தைப் போட்டு சைஸ்ஆஃப் கேட்டால் உங்கள் லினக்ஸில் சி 4 என்கிறது, ஏனென்றால் அது முழு எண் வகை. சி++ 1 என்கிறது. 13 இடம் மட்டும் கொண்ட அணிக்கு உங்கள் 13 எழுத்து வரியைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்தால், சி சுழியைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளும். அதை அச்சிட்டால் அடுத்திருக்கும் குப்பையும் சேர்ந்து வரலாம். சி++ அதைப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும்.

---

பழைய பாஸ்கல்காரன்:

சரி தம்பி, அந்த முத்திரை விஷயத்தை நான் தாண்டிப் போய்விட்டேன். எனக்கு 1993-இல் அந்த எச்சரிக்கை கிடைத்திருந்தால் கிடங்குக்காரர்களிடம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

இது சி-க்கு மட்டும் உரிய நோய் என்றும் நினைக்க வேண்டாம். பழைய ஃபோர்ட்ரானில் துணைநிரலுக்கு எல்லாமே முகவரியாகத்தான் போகும். 4 என்ற எண்ணையே அனுப்பி, உள்ளே அதை 5 ஆக்கிவிட்டால், சில கம்பைலர்களில் அதன் பிறகு நிரலில் 4 என்று எழுதிய இடமெல்லாம் 5 ஆகிவிடும். என் "00-00-00" அதற்கு முன் தூசு.

---

இரவுப்பணி ஜாவா:

பைத்தான் கேட்ட மாணவிக்கு என் பங்கு.

பைத்தானில் சரத்தை மாற்றவே முடியாது. முதல் எழுத்தை மாற்றிப் பாருங்கள், டைப் எரர் வரும். ஸ்பிளிட் என்று பிரிக்கச் சொன்னால் மூலத்தைத் தொடாமல் புதிய துண்டுகளைப் பட்டியலாகக் கொடுக்கும். ஸ்டர்டோக் செய்கிற அட்டகாசத்துக்கு அங்கே இடமில்லை. தொல்லை இல்லாததுபோல் தோன்றுவது அதனால்தான். இன்னொன்று, பைத்தானில் எழுத்து என்று தனி வகையே கிடையாது. சரத்தின் முதல் உறுப்பை எடுத்தால் வருவது ஒரே ஓர் எழுத்துள்ள சரம். அதன் முதல் உறுப்பை எடுத்தாலும் அதேதான். ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள் இரண்டும் ஒன்று. உண்மையிலேயே இடத்திலேயே மாற்ற வேண்டுமென்றால் பைட்அர்ரே என்ற மாறக்கூடிய வகை இருக்கிறது.

ஜாவாவில் சரமும் எழுத்து அணியும் முற்றிலும் வேறு வகைகள், ஒன்றிருக்கும் இடத்தில் மற்றதை வைக்க முடியாது. சரம் மாறாதது. அணி மாறக்கூடியது, சுழி முடிவு கிடையாது, நீளத்தை அதனிடமே கேட்கலாம். சரத்திலிருந்து அணி எடுத்தால் படிதான் வரும். மாறாது என்பதால்தான் பாஸ்கல்காரர் ஐயாவைத் தூங்கவிடாத அதே வேலையை ஜாவா அச்சமில்லாமல் செய்கிறது: ஒரே மாதிரியான மாறிலிகள் எல்லாம் ஒரே பொருள். யாராலும் கல்லைத் தொட முடியாது என்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே கல்லைப் படிக்கலாம்.

அதற்குக் கொடுக்கும் விலை, இரட்டைச் சமக்குறி. இரண்டு மாறிலிகளை அதைக் கொண்டு ஒப்பிட்டால் உண்மை என்று வரும். விசைப்பலகையில் தட்டி வாங்கிய அதே சொல்லை ஒப்பிட்டால் பொய் என்று வரும், ஏனென்றால் அது ஒப்பிடுவது முகவரியை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் "ஆம்" என்ற பதிலை இப்படித்தான் சோதித்தேன். சோதனைக் கோப்பில் மாறிலியோடு மாறிலி, எல்லாம் பச்சை. பயனர் தட்டியதும் ஒருவருடைய "ஆம்"-உம் ஏற்கப்படவில்லை. உள்ளடக்கத்தை ஒப்பிடும் ஈக்வல்ஸ் என்று எழுதியிருக்க வேண்டும்.

கடவுச்சொல்லை ஜாவாவில் சரமாக வைக்காமல் எழுத்து அணியில் வைக்கச் சொல்வதும் சரம் மாறாது என்ற இதே காரணத்தால்தான். ஜாவாவின் திரைக்கூறு நூலகமான ஸ்விங்கில் கடவுச்சொல் பெட்டி எழுத்து அணியைத்தான் திருப்பிக் கொடுக்கும். சிலேட்டைத் துடைக்கலாம். கல்வெட்டைத் துடைக்க முடியாது, அது, பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பவர் வரும்வரை நினைவகத்தில் கிடக்கும்.

ஜாவாஸ்கிரிப்டைப் பற்றி ஒரே வரி: சரத்தின் ஓர் எழுத்தை மாற்றச் சொன்னால், கண்டிப்பு முறை இல்லாத நிரலில், மாற்றவும் மாற்றாது, பிழையும் சொல்லாது. ரூபியில் நேர்மாறு, மேற்கோள் சரத்தை மாற்றலாம், ஆனால் அந்த வரி ஒவ்வொரு முறை ஓடும்போதும் புதிய சரம் பிறக்கும். அதை உறைய வைக்க 2015-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து கோப்பின் தலையில் ஒரு குறிப்பு எழுதும் வழக்கம் உண்டு. கோ மொழியில் எழுத்தை மாற்ற முயன்றால் கம்பைலரே விடாது, பைட் துண்டாக மாற்றிக்கொள் என்கும், அது படி.

---

எழுத்தெண்ணி:

எல்லோரும் ஆங்கில எழுத்தை வைத்தே பேசிவிட்டீர்கள். அந்த வரியில் "கலா" தமிழிலேயே இருந்தால்?

"தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. சி-யில் அடைப்பு போட்டு அறிவித்து சைஸ்ஆஃப் கேட்டால் சுழியோடு 16. கோ 15 என்கும், ரஸ்டும் 15 என்கும். ஜாவாவும் பைத்தானும் 5. நம்மோடு ஒத்துப்போய் 3 என்று சொல்வது ஸ்விஃப்ட். அதில் ஒரு எழுத்து என்பது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து.

சி-யில் கேரக்டர் என்பதை எழுத்து என்று மொழிபெயர்த்ததே தவறு என்று எனக்குத் தோன்றும். அது பைட். ஒற்றை மேற்கோளுக்குள் 'அ' போட்டால் ஜிசிசி அதை மூன்று எழுத்தாகப் பார்த்து எச்சரிக்கிறது. ஜாவா 'அ'-வை ஏற்கும், 'கி'-யை ஏற்காது, ஏனென்றால் அது இரண்டு. ரஸ்டும் கோவும் 'கி'-யை ஏற்பதில்லை. பைத்தானில் "தமிழ்" என்பதைத் தலைகீழாகத் திருப்பினால் முதலில் அநாதையாக ஒரு புள்ளி வந்து நிற்கும்.

மேடத்துக்கு ஒரு நற்செய்தி: ஸ்டர்டோக் தமிழை உடைக்காது. யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தின் எந்தப் பைட்டும் காற்புள்ளியின் பைட்டாக இருக்க வாய்ப்பில்லை, அப்படித்தான் அந்த முறையை வடிவமைத்திருக்கிறார்கள். அடைப்பு மட்டும் போட்டுவிட்டால், மாணவர்கள் தங்கள் பெயரைத் தமிழிலேயே எழுதிப் பிரித்துப் பார்க்கலாம்.

---

மூன்றாவது லேப்:

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் மூலை இயந்திரத்தைத் துடைத்து இயக்கினேன்.

செயற்கூற்றை இரண்டு முறை அழைத்தேன். முதல் முறை நான்கு துண்டு. இரண்டாம் முறை "கலா" மட்டும். அடைப்பு போட்டேன், இரண்டு முறையும் நான்கு. ஸ்டாடிக் சேர்த்தேன், மறுபடியும் "கலா" மட்டும். சைஸ்ஆஃப் அணிக்கு 14, பாயிண்டருக்கு இங்கே 2. லினக்ஸில் 8 வந்தது. பாயிண்டரின் அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்று தேர்வுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான். ரைட் ஸ்ட்ரிங்ஸ் தெரிவைச் சேர்த்ததும் ஜிசிசி அந்த வரியைச் சரியாகப் பிடித்தது.

"கலா" மட்டும் திரையில் நின்றபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இந்தப் பயிற்சியில் தானாகவே "மீண்டும் பார்க்க வேண்டுமா? 1 ஆம், 2 இல்லை" என்று ஒரு சுற்று சேர்த்திருந்தாள். 1 அழுத்தினால் பெயர் மட்டும் வருகிறது, மதிப்பெண் காணாமல் போகிறது என்று என்னிடம் வந்தாள். கேட்காததை எல்லாம் ஏன் சேர்க்கிறாய், சுற்றை எடுத்துவிடு என்றேன். எடுத்துவிட்டாள், ஓடியது. நிரல் முழுமையாக இல்லை என்று ரெக்கார்டில் இரண்டு மதிப்பெண்ணும் குறைத்தேன்.

அவள் தேர்ச்சி பெற்றுப் போய்விட்டாள். துறையின் வாட்ஸ்அப் குழுவில் எண் இருந்தது, மாலையில் இந்தத் திரியின் இணைப்பை அனுப்பினேன். "அந்தச் சுற்று இன்னும் என்னிடம் இருக்கிறது மேடம்" என்று பதில் வந்தது. ஏழாவது பயிற்சியில் அதைச் சேர்த்துவிடலாம் என்று அவளிடமே கேட்டு வாங்கியிருக்கிறேன்.